குழல்விளக்கின் எண்ணும் துளசியின் பசியும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வழக்கம்போல நான் கல்வெட்டு, பழைய பள்ளி, ஏடு என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த முறை என் கடைச் சரக்கைப் பற்றியே எழுதத் துணிந்தேன். நாற்பது வருஷமாகச் சித்தூர்க் கடைத்தெருவில் டியூப்லைட்டும் சோக்கும் ஸ்டார்ட்டரும் விற்றுப் பிழைப்பவன் நான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற நயினார் குடும்பம் எங்களது. "வெளிச்சம் விக்கிறவர் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாலயே சாப்பாட்ட முடிச்சுடுறாரு பாரு" என்று கடைப் பையன்கள் கேலி பேசுவதுண்டு.

டியூப்லைட்டின் முனையில் 6500 கே, 4000 கே, 2700 கே என்று சின்ன எழுத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் அதை நான் நின்று படித்ததே கிடையாது. வாடிக்கையாளர் "தெல்லதா, பசுப்பா?" என்று தெலுங்கில் கேட்பார், வெள்ளையா மஞ்சளா என்று பார்த்து எடுத்துக் கொடுப்பேன். வியாபாரத்துக்கு அது போதும். செடிக்குப் போதாது. அதை நான் ஒரு துளசிச் செடியைச் சாகடித்துத் தெரிந்துகொண்டேன்.

2009ஆம் வருஷம். திருப்பதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருந்தார். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி. மொட்டை மாடியிலிருந்த துளசித் தொட்டிக்குத் தினமும் படியேறித் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. அதோடு, படுத்திருப்பவர் கண்ணில் படும்படி துளசி இருந்தால் நல்லது என்று நினைத்து, தொட்டியைக் கூடத்து மூலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். "நயினார், செடிக்கு ஆகிற மாதிரி ஒரு லைட்டு குடுங்க" என்று கேட்டார்.

நான் தயங்காமல், "அதுக்கென்னங்க டீச்சரம்மா, டியூப்லைட்டு வெளிச்சத்துலயே செடி ஜம்முனு வளரும், நானே பாத்திருக்கேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. திருப்பதியில் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு நான் டியூப்பும் பட்டியும் சப்ளை செய்திருந்தேன். அங்கே ஜன்னலே இல்லாத அறையில், அடுக்கடுக்கான அலமாரியில், கண்ணாடிப் பாட்டில்களுக்குள் குட்டிக் குட்டிச் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றதைக் கண்ணாரக் கண்டவன் நான். பாட்டிலில் வளர்வது தொட்டியில் வளராதா என்பது என் கணக்கு.

எந்த நிறம் கொடுப்பது என்ற கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். துளசி வெயில் செடி, வெயில் சூடு, ஆகவே "வார்ம்" என்று பெயருள்ள மஞ்சள் டியூப்தான் சரி. சென்னை பாரிமுனையிலிருந்து வரவழைத்து, கூடத்துச் சுவரில் ஏழடி உயரத்தில் பட்டியை மாட்டிக் கொடுத்தேன். ஐந்தாறு வாரத்தில் துளசி கணுவுக்குக் கணு நீண்டு, நூல் மாதிரி மெலிந்து, வெளிறிப்போயிற்று. மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளை டியூப் போட்டேன். புதிதாக வந்த ஒன்றிரண்டு தளிர் கொஞ்சம் குட்டையாக வந்த மாதிரி தெரிந்தது. ஆனாலும் இலை உதிர்வது நிற்கவில்லை. மூன்றாம் மாதம் பட்டுப்போயிற்று.

"வீட்டுல துளசி பட்டுப்போனா ஆகாதும்பாங்களே நயினார்" என்று அந்த அம்மா கேட்டபோது கட்டிலில் இருந்தவரைப் பார்த்தேன். என்ன பதில் சொல்ல? என் டியூப்தான் காரணம் என்று சொன்னால் கூட, ஏன் என்று விளக்க எனக்கு அறிவு பற்றவில்லை. அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் தேடினேன்.

எண் யாருக்காக எழுதியது?

கொல்லன் உலையில் இரும்பைப் போட்டால் முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், பிறகு வெள்ளையாகும். இன்னும் சூடாக்க முடிந்தால் நீலம் ஓடிய வெள்ளையாகும். எந்தச் சூட்டில் எந்த நிறம் என்பது நியதி. 1900இல் மாக்ஸ் பிளாங்க் அதற்குச் சூத்திரம் கண்டார். அந்தச் சூட்டைக் கெல்வின் அளவில் சொல்வதுதான் நிற வெப்பநிலை. செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கெல்வின். மெழுகுவத்தி ஏறக்குறைய 1900, பழைய குண்டு பல்பு 2700, சூரியனின் மேற்பரப்பு சுமார் 5800.

இங்கேதான் வியாபாரிகளாகிய நாங்கள் குழம்புகிறோம். எண் கூடினால் நீலம் கூடும். ஆனால் நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் படுவதால் 6500க்குக் "கூல் டேலைட்" என்று பெயர். எண்ணில் குறைந்த 2700, 3000க்கு "வார்ம்" என்று பெயர். சூடு அதிகமான எண்ணுக்குக் குளிர்ந்த பெயர்! நான் "வார்ம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏமாந்தேன். டியூப்பின் வெளிச்சத்தில் எந்த நிறமானாலும் துளசிக்குச் சூடு கிடைக்கப் போவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்கப் புத்தகங்களில் செடி வளர்க்க "கூல் ஒயிட்" குழல் என்று எழுதியிருக்கும். அது 4100 கெல்வின் வாக்கில் உள்ளது. நம் கடைகளில் காலம் காலமாக விற்றது 6500 கெல்வின் "கூல் டேலைட்". இரண்டிலும் "கூல்" இருப்பதால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

சரி, குழல்விளக்கு கொல்லன் உலை அல்லவே, அதற்கு எப்படி 6500 கெல்வின்? நியாயமான கேள்வி. குழலுக்குள் ஒரு துளி பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதாக் கதிரை வீசும். அது கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை உள்வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. 1938இல் அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தது. பொடியின் கலவையை மாற்றினால் நிறம் மாறும். அந்த நிறத்தைப் பார்த்து, 'சூடேறிய பொருளாக இருந்தால் இந்த நிறம் வர இத்தனை கெல்வின் ஆகியிருக்கும்' என்று ஒப்பிட்டு எண் போடுகிறார்கள். ஒப்பிடுவது மனிதக் கண்ணுக்காக.

ஆகவே ஒரே 6500 எண்ணுள்ள இரண்டு குழல்களில் ஒளியின் உள்ளடக்கம் வேறாக இருக்கலாம். பழைய பொடி ஒருவிதமாகப் பரவலான ஒளி தரும், ஆனால் சிவப்பில் சோனி. 1970களில் வந்த மூவண்ணப் பொடி நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று இடத்தில் மட்டும் உச்சமாக ஒளிரும். சிவப்பு உச்சம் 611 நானோமீட்டரில். குழலில் 765 என்று இருந்தால் பழைய பொடி. 865 என்று இருந்தால் மூவண்ணம். கடைசி இரண்டு எண் 65 என்பது 6500 கெல்வின். 827 என்றால் மூவண்ணப் பொடி, 2700 கெல்வின். 36 வாட் குழலில் 765 வகை ஏறக்குறைய 2,500 லூமென் தரும். 865 வகை 3,250 வரை தரும். மின்சாரச் செலவு ஒன்றே. விலை வித்தியாசத்தைப் பார்த்து எல்லாரும் 765ஐத்தான் வாங்கிப் போனார்கள். நானும் அதைத்தான் விற்றேன்.

செடி எந்த நிறத்தைத் தின்கிறது?

தொல்காப்பியத்து மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுக்கிறது. தொட்டால் உணரும் அறிவு மட்டும். எங்கள் சமண நூல்களும் அவ்வாறே சொல்லும். முன்னோர் வகுப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கண்ணில்லாத அந்த உயிர் நீலத்தையும் சிவப்பையும் பிரித்தறிகிற நேர்த்தியைப் படித்தபோது, ஓரறிவு என்றால் சின்ன அறிவு என்று பொருளல்ல என்று தோன்றியது.

ஒளிச்சேர்க்கைக்கு உதவுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. ஊதாவிலிருந்து சிவப்பு வரை. பச்சை ஒளி செடிக்கு வீண் என்று பள்ளியில் படித்தோம். அது முழு உண்மை அல்ல. 1972இல் மெக்ரீ என்பவர் 22 பயிர்களை வைத்து ஒவ்வொரு நிறத்துக்கும் இலை எவ்வளவு உழைக்கிறது என்று அளந்து வெளியிட்டார். சிவப்பு முதலிடம், நீலமும் பச்சையும் அதற்குக் கீழே. ஆனால் பச்சையும் கணிசமாகப் பயன்படுகிறது. ஆகவே வெள்ளை என்று நாம் சொல்கிற எந்தக் குழலின் ஒளியிலும் இலை சாப்பிடும். 1960களில் வெளிநாட்டில் செடிக்கென்றே ஊதாவும் ரோஜா நிறமும் கலந்தாற்போல எரியும் குழல்கள் அதிக விலைக்கு வந்தன. சாதாரண வெள்ளைக் குழலே வீட்டுச் செடிக்குக் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

நிறம் செய்கிற வேலை சாப்பாட்டை விட உருவத்தில்தான் அதிகம். நீலம் போதிய அளவு இருந்தால் தண்டு கட்டையாக, கணு நெருக்கமாக, இலை தடிப்பாக வரும். நீலம் குறைந்தால் நீளும். 6500இல் நீலம் அதிகம், 2700இல் குறைவு. டீச்சரம்மாவின் துளசி மஞ்சள் டியூப்பில் நீண்டதற்கு நிறம் ஒரு காரணம். வெளிச்சப் பஞ்சம் அதைவிடப் பெரிய காரணம். பஞ்சத்தில் செடி வெளிச்சத்தைத் தேடி ஓடும், கையில் இருப்பதையெல்லாம் போட்டு உயரும்.

ஆகவே கீரை, நாற்று, இலைக்காக வளர்க்கும் செடி என்றால் 6500 சரியான தேர்வு. பூக்க வேண்டிய செடிக்கு அதோடு ஒரு 2700 அல்லது 3000 குழலையும் ஜோடி சேர்த்தால் சிவப்பின் குறை தீரும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 6500 அல்லது 4000 வாங்குங்கள். அதிலும் மூவண்ணமாகப் பார்த்து வாங்குங்கள். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நான் நிறத்தை மாற்றியும் துளசி பிழைக்கவில்லை அல்லவா? கோளாறு அங்கே இல்லை.

வரவும் செலவும்

ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கினேன். டீச்சரம்மா வீட்டில் தொட்டி இருந்த இடத்தில், டியூப் எரியும்போது வைத்துப் பார்த்தேன். 150 லக்ஸ். மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் அதே மீட்டர் 1 லட்சத்தைத் தொட்டது. அறுநூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்கு! நம் கண் பொல்லாதது. இருட்டுக்கும் வெயிலுக்கும் தானே சரிசெய்துகொண்டு, "கூடம் நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடும். இலைக்கு அப்படி ஏமாறத் தெரியாது.

செடியும் ஒரு கடைதான். ஒளிச்சேர்க்கை வரவு, சுவாசம் செலவு. செலவு இரவு பகல் எந்நேரமும் உண்டு. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் வெளிச்ச அளவை ஒளி ஈடுசெய் புள்ளி என்பார்கள். அதற்குக் கீழே போனால் செடி முதலைத் தின்ன ஆரம்பிக்கிறது: தண்டில், வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரைகிறது. அதனால்தான் வீட்டுக்குள் கொண்டுவந்த செடி உடனே சாவதில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் கையிருப்பில் ஓட்டும். நாமோ தண்ணீர் அதிகமா, எருப் போதாதா, யார் கண்ணாவது பட்டதா என்று தேடிக்கொண்டிருப்போம். துளசி போன்ற வெயில் செடிக்கு இந்தப் புள்ளி உயரத்தில் இருக்கிறது. நிழல் செடிக்குத் தாழ்வு.

அப்படியானால் திசு வளர்ப்புப் பாட்டிலுக்குள் இருந்த செடி எப்படிப் பிழைத்தது? என்னை ஏமாற்றியது அதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் சேஷாசலம், வேலிகொண்டா மலைத் தொடர்களையும் அவற்றையொட்டிய காடுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் செஞ்சந்தனம். 1995 முதல் அது பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. காயின் ஓடு கெட்டியானதால் விதை லேசில் முளைக்காது. அதனால் அதைத் திசு வளர்ப்பில் பெருக்க அனந்தபுரம் ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் முயன்றிருக்கிறார்கள். செஞ்சந்தனமோ வாழையோ, இப்படிப்பட்ட வேலைகளின் முறை பொதுவாக ஒன்றுதான்: 25 டிகிரி வெப்பம், 16 மணி நேரம் வெள்ளைக் குழல்விளக்கு, 8 மணி நேரம் இருட்டு. இதில் வெளிச்சம் பற்றிய வரியை மட்டும் நான் கண்ணால் கண்டேன். பாட்டிலின் அடியில் இருக்கும் கூழில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்பதைக் காணவில்லை. 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் வகுத்த உப்புக் கலவையோடு இந்தச் சர்க்கரையும் சேர்கிறது. அந்தச் செடி உழைத்துச் சம்பாதிக்க வேண்டியதில்லை. சாப்பாடு காலடியில் இருக்கிறது. குழலின் ஒளி அதற்குப் பெரும்பாலும் உருவம் தரத்தான். பாட்டிலிலிருந்து எடுத்து மண்ணில் நட்டதும் அந்தப் பிள்ளைச் செடிகளைப் பனிக்குடிலில், நிழல்வலைக் கூடாரத்தில் வைத்து மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்குகிறார்கள். அங்கேதான் அவை தாமாகச் சம்பாதிக்கக் கற்கின்றன.

டீச்சரம்மாவின் தொட்டியில் சர்க்கரை இல்லை. வெளிச்சம் ஏழடி உயரத்தில்.

தூரம் பற்றிய கணக்கு எளிது. நான்கடி டியூப்புக்குக் கிட்டத்தில், தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் பாதியாகும். நன்றாக விலகிப் போனால் இரட்டிப்புத் தூரத்துக்குக் கால் பங்காகிவிடும். கடையில் சோதித்தேன். வெள்ளைத் தகட்டுப் பட்டியில் இரண்டு 865 டியூப்பை அருகருகே மாட்டி, அரை அடி கீழே மீட்டரை வைத்தால் 4,000 லக்ஸ் சுற்றிக் காட்டியது. சுவரில் கிடைத்ததைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல்! குண்டு பல்பை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் இலை வெந்துவிடும். டியூப்பின் உடம்பு கை பொறுக்கும் சூடுதான். அதுதான் செடி வளர்ப்பில் அதற்குள்ள பெருமை. அரை அடி, முக்கால் அடிக்கு மேல் விடாதீர்கள். செடி வளர வளரப் பட்டியைச் சங்கிலியில் ஏற்றிக்கொண்டே போங்கள்.

லக்ஸ் என்பதும் மனிதக் கண்ணுக்கான அளவு. 555 நானோமீட்டர்ப் பச்சைக்கு அதிக மதிப்பெண் போடும். செடிக்கான கணக்கில் ஒளித்துகள்களை எண்ணி மோல் என்ற அளவில் சொல்வார்கள். வெள்ளைக் குழலின் ஒளியில் 4,000 லக்ஸ், தினம் 14 மணி நேரம் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2.7 மோல் தேறும். திருப்பதி மொட்டை மாடியில் நல்ல வெயில் நாளில் 40 மோல் வாக்கில் கொட்டுகிறது. கீரை வகைகளுக்குப் 12 மோலுக்கு மேல் இருந்தால்தான் திருப்தியாக வளரும். ஆகவே இரண்டு டியூப்பில் மணி பிளாண்ட், வெற்றிலைக் கொடி, பெரணி போன்ற நிழல் செடிகள் வாழும். நாற்றுகள் முதல் இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். துளசி, ரோஜா, தக்காளி வாழாது. இரண்டடி அகலத் தட்டுக்கு நாலு மூவண்ண டியூப் போட்டு 16 மணி நேரம் எரித்தால் 8 மோல் வரை எட்டலாம். காப்பர் சோக்கோடு சேர்த்து அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 யூனிட் கரண்ட் ஆகும். மாதம் 90 யூனிட். கீரைக்கட்டு விலையையும் கரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இருபத்து நாலு மணி நேரமும் எரித்தால் கூடுதலாகக் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். இருட்டும் செடிக்கு வேண்டியது. 16 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டியூப்பின் மேல் படியும் தூசியை வாரம் ஒரு முறை துடையுங்கள். முனை கறுத்த டியூப்பைச் செடிக்கு வைக்காதீர்கள். எரிந்துகொண்டிருக்கும், வெளிச்சம் போயிருக்கும். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய்விடுங்கள்; பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் அட்டையால் தள்ளி எடுங்கள். உள்ளே இருப்பது பாதரசம்.

சாமந்தியின் கடிகாரம்

நிறம் முக்கியமில்லை என்று சொல்லிவிட்டேன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓரிடத்தில் நிறமே ராஜா. சாமந்தி, இரவு நீண்டால் பூக்கும் செடி. பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் புகையிலையில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நம் பக்கத்தில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சொற்ப வித்தியாசத்தையும் செடி கணக்கெடுக்கிறது. கோலார் பக்கம் இரவில் போனவர்கள், சாமந்தித் தோட்டம் முழுக்கச் சீரியல் செட் போட்டாற்போல பல்பு எரிவதைப் பார்த்திருக்கலாம். அது செடிக்குச் சாப்பாடு அல்ல. இரவை உடைத்து, 'இன்னும் பூக்கும் காலம் வரவில்லை' என்று செடியை நம்ப வைத்து, நன்றாக வளர்ந்த பிறகு, விலை உள்ள நாளில் பூக்கவைக்கும் உபாயம். இதற்குச் சொற்ப வெளிச்சம் போதும். ஆனால் சிவப்பு வேண்டும். ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பைத்தான் கேட்கிறது. 1952இல் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்யூஸ் விதையைச் சிவப்பு ஒளியில் முளைக்கவும், அதற்கும் அப்பாலுள்ள தொலைச் சிவப்பில் முளைக்காமல் நிற்கவும் செய்து காட்டினார்கள். ஆகையால் சாமந்தித் தோட்டத்துக்கு 2700 வாங்கவேண்டும், 6500 ஏற்றதல்ல. கேட்டு வருகிறவர் எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் நிறம் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

குழல்விளக்கின் காலமும் முடிகிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் சேர்ந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, எல்லாவிதக் குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். என் கடையிலும் இப்போது எல்லாம் எல்.ஈ.டி. பட்டிகள்தான். அதிலும் அதே 6500, அதே 3000. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பொடி பூசி வெள்ளையாக்குகிறார்கள். 20 வாட்டில் 2,000 லூமென் கிடைக்கிறது. ஒளி கீழ்நோக்கியே விழுவதால் தகடும் வேண்டாம். செடிக்கான கணக்கு மட்டும் மாறவில்லை: முதலில் எத்தனை கிட்டே, எத்தனை மணி நேரம், பிறகுதான் எண்.

டீச்சரம்மாவிடம் 2010 தை மாதம் போனேன். லக்ஸ் மீட்டரையும் கொண்டுபோனேன். செத்த செடி இருந்த மூலையில் வைத்துக் காட்டினேன். அவரை மெல்ல ஜன்னலோரம் கூட்டிப்போய் அங்கேயும் காட்டினேன். "அம்மா, உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. செடி பட்டினி கிடந்துதான் செத்துது. பட்டினி போட்டது நான்" என்றேன். அவர் மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இவர் பாக்கிற மாதிரி துளசி வைக்கவே முடியாதா?" என்று கேட்டார்.

இரண்டு தொட்டி வாங்கினோம். ஒன்று மொட்டை மாடியில், ஒன்று கூடத்தில். கூடத்துத் தொட்டிக்கு மேலே அரை அடியில் சங்கிலியில் தொங்கும் இரட்டை டியூப், 6500. மூன்று நாளைக்கு ஒரு முறை வாட்ச்மேன் மனைவி மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றி வைப்பாள். மேலே சம்பாதித்து வந்ததைக் கீழே நிதானமாகச் செலவழிக்கும். டியூப் அந்தச் செலவைக் கொஞ்சம் ஈடுகட்டும். வெயிலிலிருந்து வந்த இலை வதங்காமலும், நிழலிலிருந்து போன இலை கருகாமலும் இருக்க, மாடியில் பாதி நிழல் விழும் இடமாகப் பார்த்து வைத்தோம். டியூப்புக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு வெற்றிலைக் கொடியும் வைத்துக் கொடுத்தேன். அது எங்கும் போகவேண்டியதில்லை.

கணவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் போன பிறகு துளசித் தொட்டிகள் இரண்டும் மாடிக்கே போய்விட்டன. வெற்றிலைக் கொடி கூடத்திலேயே இருக்கிறது. போன வருஷம் அந்தப் பட்டியை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. மாட்டிவிட்டு வந்தேன். அளந்தபோது இலை மட்டத்தில் 4,200 லக்ஸ் காட்டியது.